நாப்பத்தோரு நீலக் குடை

இல்ல சார், அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இப்படி ஜன்னல் பக்கம் உக்காருங்க. அவரு குளிச்சிட்டு இருக்காரு. நீங்க மணி அடிச்சீங்களா, அவரு துண்டை எடுத்துட்டு உள்ள போயிட்டாரு. தண்ணி விழற சத்தம் கேக்குதுல்ல, அது நின்னா வந்துடுவாரு. காலையில ஒரு தடவை குளிச்சாச்சு, அதை ஏன் கேக்குறீங்க. இது ரெண்டாவது குளியல்.

காப்பி போடட்டுமா? அட, விசாரணைக்கு வந்தா காப்பி குடிக்கக் கூடாதுன்னு ஏதாவது சட்டமா என்ன. சரி, தண்ணியாவது குடிங்க. நீங்களும் காலேஜ்ல பாடம் நடத்துறவருதானே? நினைச்சேன். சட்டைப் பையில மை கசிஞ்சிருக்கு. ஊற வச்சுத் துவைக்கச் சொல்லுங்க. சொல்லுங்க என்ன சொல்லுங்க, நீங்களே துவைங்க.

விஷயத்துக்கு வர்றேன். எங்க வீட்டுக்காரரு ஏஐயை வச்சுப் பசங்க அசைன்மெண்ட்டைத் திருத்தினாருன்னு புகார். பசங்க அதைத் தொடக் கூடாதுன்னு ஊரையே கூட்டிச் சொன்ன மனுஷன், தானே தொட்டுட்டாருன்னு. அதானே? சார், ஒண்ணு மட்டும் அடிச்சுச் சொல்றேன். அவரு அதைத் தொட்டதே இல்ல. ஃபோன்ல அலாரம் வைக்கவே என்னைத்தான் கூப்பிடுவாரு. கம்ப்யூட்டர்ல அம்புக்குறி காணாமப் போச்சுன்னா ஸ்கிரீன் பக்கவாட்டுல ஒரு தட்டு தட்டுவாரு, அந்தக் காலத்து ரேடியோவைத் தட்டுற மாதிரி. அவரைப் போய்.

முதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். அவசரம் இல்லையே? அதோ, தண்ணி இன்னும் விழுது.

போன வருஷமே அவருக்கு லேசா ஒரு சந்தேகம். பசங்க கட்டுரை எல்லாம் திடீர்னு நல்லா வருது. நல்லா வந்தா சந்தோஷப்பட வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. முன்னாடி எல்லாம் ஒவ்வொருத்தர் எழுத்தும் ஒவ்வொரு தினுசா இருக்கும் சார். ஒருத்தன் முற்றுப்புள்ளியே வைக்க மாட்டான், படிக்கிறவங்களுக்கு மூச்சு முட்டும். ஒரு பொண்ணு எதை எழுதினாலும் எங்கயாவது அவங்க மாமாவைக் கொண்டு வந்துடும். தொழிற்புரட்சியில கூட அவங்க மாமா வந்தாரு. இப்ப எல்லாம் ஒரே அச்சு. தொடக்கத்துல ஒரு கேள்வி, நடுவுல மூணு கருத்து, முடிக்கும்போது எதிர்காலத்து மேல ஒரு நம்பிக்கை. நீங்களே சொல்லுங்க, இருபது வயசுப் பசங்க நாப்பத்தி மூணு பேருக்கும் எதிர்காலத்து மேல அவ்வளவு நம்பிக்கை எங்க இருந்து வந்துச்சு?

எனக்கு எப்படித் தெரியும்னா, எல்லாம் இந்தச் சாப்பாட்டு மேசையிலதான் சார் நடக்கும். நாலு பேர் உக்கார்ற மேசை. நாங்க ரெண்டு பேரு. மிச்ச ரெண்டு இடத்துலயும் அசைன்மெண்ட்தான் உக்காந்திருக்கும். கண்ணுல படாம எப்படி இருக்கும்.

அதனால இந்த வருஷம் முதல் நாளே ஒரு உறுதிமொழி. இதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் என் சொந்த உழைப்பு, பிறர் உழைப்பை என்னுடையது என்று காட்டுவது திருட்டு, அப்படின்னு. எல்லாரும் எழுந்து நின்னு வாசிச்சுக் கையெழுத்துப் போடணும். நல்லா இருக்குல்ல வரி? அதை எழுதறதுக்கு ஒரு சாயங்காலம் பூரா ஆச்சு. அவரு வகுப்புல அதை வாசிச்சப்போ ஒரு பொண்ணு அழுதுடுச்சாம். வீட்டுக்கு வந்து பெருமையா சொன்னாரு. அதுக்குப் பல்வலியாம், அது அடுத்த வாரம்தான் தெரிஞ்சுது.

உறுதிமொழி எடுத்த கையோட கட்டுரை வந்துச்சு. அதே நம்பிக்கை, அதே எதிர்காலம். அவரு ரெண்டு நாள் சரியா சாப்பிடல. அப்புறம் ஆசிரியர்கள் கூட்டத்துல யாரோ ஒரு உபாயம் சொல்லியிருக்காங்க. கேள்வித்தாள்ல ஒரு வரியை வெள்ளை எழுத்துல போடுறது. வெள்ளைப் பக்கத்துல வெள்ளை எழுத்து, மனுஷன் கண்ணுக்குத் தெரியாது. கேள்வியை அப்படியே அள்ளி ஏஐக்குள்ள போட்டா, அது படிச்சுடும். உங்க காலேஜ்லயும் செய்யறீங்களா? அப்ப தெரியும் உங்களுக்கு.

கேள்வி இதுதான். உங்கள் தெருவில் உள்ள ஒரு கடையை நேரில் கவனித்து எழுதுக. சமூகவியல் இல்லையா, நேர்ல பாக்கணும். அடியில வெள்ளையில ஒரு வரி, மூணாவது பாராவுல ஒரு நீலக் குடையைப் பத்தி எழுதணும்னு. எழுத்தை எப்படி வெள்ளையாக்குறதுன்னு அவருக்கு எங்க தெரியும், நான்தான் செஞ்சு குடுத்தேன். நீலம்னு சொன்னதும் நான்தான். கறுப்புக் குடைன்னா எவனாவது நிஜமாவே பார்த்துத் தொலைச்சிருப்பான்.

சார், நாப்பத்தி மூணு பேர்ல நாப்பத்தோரு பேர் கடையில நீலக் குடை. முடி வெட்டுற கடையில சாத்தி வச்ச நீலக் குடை. மருந்துக்கடையில யாரோ மறந்துட்டுப் போன நீலக் குடை. பஞ்சர் ஒட்டுற கடை வாசல்ல நீலக் குடை, சமூக மாற்றத்தின் மௌன சாட்சியாக நிற்கிறதாம். நல்ல வெயில் காலம் சார் அது. ஊர்ல ஒரு சொட்டு மழை இல்ல. மூணாவது தாள்லயே எனக்குச் சிரிப்பு தாங்கல. பத்தாவது தாள்ல சிரிப்பு போயிடுச்சு. இருபதுக்கு மேல குடை வரும்போது அழுகையே வந்துச்சு.

அதுல ஒரு பையன், குட்டி வக்கீல்னு அவனுக்குப் பேரு, எதுக்கெடுத்தாலும் வாதாடுவான். அவன் எழுதினது குடைக்கடையைப் பத்தி. தற்செயலாத்தான் சார். அவன் தெருவுல நிஜமாவே ஒரு குடைக்கடை இருக்கு. குடைக்கடையில நீலக் குடை இருக்காம என்ன இருக்கும், நான் கண்ணால பார்த்தேன்னு சண்டைக்கு வந்துட்டான். எங்க வீட்டுக்காரரு அவன் மூணாவது பாராவை வகுப்புல சத்தமா வாசிச்சாரு. அந்தக் கடையின் மூலையில் தனித்து ஒரே ஒரு நீலக் குடை இருந்ததுன்னு. குடைக்கடையில மொத்தமே ஒரு நீலக் குடையா தம்பின்னு கேட்டாரு. வகுப்பே சிரிச்சிருக்கு. அவன் உக்காந்துட்டான். அவனைப் பார்த்து அப்படிச் சிரிக்க விட்டிருக்கக் கூடாது. அதுக்குத்தான் இப்ப அனுபவிக்கிறோம்.

என்ன சார் தலையையே பாக்குறீங்க? ஓ, பேனாவா. கொண்டையில சொருகினா மறந்தே போயிடுது. சிவப்பு மைதான், ஆமா. வீட்டுல எங்க பார்த்தாலும் சிவப்புப் பேனாதான், நீலம் தேடினா கிடைக்காது.

மிச்சம் ரெண்டு பேரா? கேப்பீங்கன்னு தெரியும். ஒரு பொண்ணு போன வருஷத்து அக்காவோட கட்டுரையை அப்படியே குடுத்திருந்துச்சு. முதல் பக்கத்துல அந்த அக்கா பேரைக் கூட மாத்தல. பழைய காலத்துத் திருட்டு சார். பார்த்ததும் பாசமே வந்துடுச்சு. திருட்டுக்கும் ஒரு மனுஷ உறவு வேண்டியிருந்த காலம் அது.

இன்னொருத்தன் கடைசி பெஞ்சு. பேரே அப்படித்தான் கூப்பிடுவாங்க. சாவி போடுற கடையைப் பத்தி எழுதியிருந்தான். பக்கத்துக்குப் பதினோரு பிழை, எண்ணிப் பார்த்தாச்சு. மூணு நாளா அந்தக் கடைக்கு எதிர்ல நின்னிருக்கான். மூணாவது நாள் கடைக்காரரு இவனைத் திருடன்னு நினைச்சுத் துரத்தியிருக்காரு. அதையும் எழுதியிருக்கான். சாவியைத் தொலைச்சுட்டு வர்றவங்க யாரும் கடைக்காரர் முகத்தைப் பாக்குறதில்ல, அவர் கையைத்தான் பாக்குறாங்கன்னு ஒரு வரி. எனக்கு... அதைப் படிச்சா யாருக்கும் ஒரு நிமிஷம் கை நின்னுடும் சார். அவனுக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம் குறிப்பு போச்சு. பிழையெல்லாம் திருத்திட்டு, கடைசியில ஒரு கேள்வி. மூணு நாள் நின்னேன்னு எழுதியிருக்கியே, ஒரு நாள் பத்தாதா, ஏன் மூணு நாள் நின்ன, அதை எழுதலையேன்னு.

அப்புறம் என்ன, நாப்பத்திரண்டு பேரும் திரும்ப எழுதணும்னு உத்தரவு. கடைசி பெஞ்சு மட்டும் எழுத வேண்டாம். ஆனா அவனும் எழுதிக் குடுத்தான். கேள்வி கேட்டிருந்துச்சே, பதில் சொல்லணும்ல. ஆகக்கூடி மறுபடியும் நாப்பத்தி மூணு. இப்பல்லாம் காகிதத்துல வாங்குறதில்ல, கம்ப்யூட்டருக்கு வரும், பிரிண்ட் எடுத்துத் திருத்தினாலும் குறிப்பைக் கீழ டைப் அடிச்சுத்தான் அனுப்பணும். நாலே நாள்ல அனுப்பணும்னு ஆபீஸ்ல இருந்து கெடுபிடி.

அனுப்பியாச்சு. அதுலதான் குட்டி வக்கீலோட கட்டுரைக்குக் கீழ அந்தக் குறிப்பு. உங்க ஃபைல்ல இருக்கும் பாருங்க. தங்கள் கையெழுத்து முத்து முத்தாக, கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருக்கிறது, பாராட்டுகள். கம்ப்யூட்டர்ல அடிச்ச கட்டுரைக்கு.

அவன் பழி வாங்கிட்டான் சார். முதல் கேள்வித்தாளை எடுத்து மவுஸால இழுத்துப் பார்த்திருக்கான், வெள்ளை எழுத்து மாட்டிக்கிச்சு. அதே வித்தையை அவன் கட்டுரைக்கு அடியில அவன் வச்சான், திருத்துறவங்க என் கையெழுத்தைப் பாராட்டணும்னு. மனுஷன் படிச்சா கண்ணுக்குத் தெரியாது. மெஷின் படிச்சா பாராட்டும். பாராட்டிடுச்சு. அதைப் பெருசா பிரிண்ட் எடுத்து, இவரு எழுதின உறுதிமொழி ஒட்டியிருக்குற பலகையில அதுக்குப் பக்கத்துலயே ஒட்டியிருக்கான். புத்திசாலிப் பையன். அந்தப் புத்தியில பாதியை முதல் கட்டுரைக்குக் காட்டியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது.

அவரு அன்னைக்கு வீட்டுக்கு வந்தப்போ முகமே செத்துப் போச்சு. எப்படி இப்படி ஆச்சுன்னு கேட்டாரு. அசதியில வேற ஏதோ தாள் ஞாபகத்துல எழுதிட்டதா இருக்கும்னு நான் சொன்னேன். நம்பிட்டாரு. நீங்க நம்பலையா? நீங்க எதுக்கு நம்பப் போறீங்க.

அந்தத் தாள் கொண்டு வந்திருக்கீங்கல்ல, நேத்து ஃபோன்ல சொன்னீங்களே, ஒரு கையெழுத்து போட்டா விஷயம் முடிஞ்சுடும்னு. கொஞ்சம் காட்டுங்க. கண்ணாடி எங்க... இதோ. இக்கட்டுரைகள் அனைத்தையும் நானே படித்து, நானே மதிப்பிட்டு, நானே குறிப்பு எழுதினேன் என்று உறுதி கூறுகிறேன். ம். மூணு நானே. யாரு எழுதினது இது? நீங்களா? தப்பா நினைக்காதீங்க, ஒரு நானே போதும்.

இதுலதான் சார் சிக்கல். அவரு பொய்க் கையெழுத்து போட மாட்டாரு. பிள்ளைங்க ஸ்கூல் போன காலத்துல கூட ஒரு பொய் லீவ் லெட்டர் எழுதிக் குடுத்ததில்ல இந்த வீட்டுல. போடலைன்னா மெஷின் திருத்துச்சுன்னு நீங்க முடிவு கட்டிடுவீங்க, வேலை போகும், இருபத்திரண்டு வருஷப் பேரு போகும். போட்டா பொய். அதான் காலையில இருந்து குளிச்சிட்டே இருக்காரு.

இல்ல இல்ல, அவசரப்படாதீங்க. ஏஐ திருத்தலைன்னு நான் எங்க சொன்னேன்? அவரு அதைத் தொடலைன்னு சொன்னேன். அதுக்குள்ள தாளைப் போட்டது நான். இந்த வீட்டுல பதினெட்டு வருஷமாத் தாள் திருத்துறது நான்தானே சார்.

தண்ணி குடிங்க, தண்ணி குடிங்க. புரையேறப் போகுது.

நானும் அதே பாடம்தான் படிச்சேன், அதே வகுப்புல. நோட்ஸ் கேட்டுத்தான் அவரு முதல்ல என்கிட்ட பேசவே ஆரம்பிச்சாரு. அவரு ஆராய்ச்சியை முடிக்கிற வருஷம், ஒரு கட்டுத் தாளை மட்டும் பார்த்துக் குடுன்னாரு. கை குடுத்தேன். குடுத்த கையைத் திருப்பி வாங்கவே இல்ல. ஆனா ஒண்ணு சார், எனக்கு அது பிடிச்சிருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. எந்தப் பையன் எங்க திணறுறான், எந்தப் பொண்ணு எதை மறைக்குதுன்னு அந்தத் தாள்லயே தெரியும். ஒருத்தரையும் நேர்ல பார்த்ததில்ல, ஆனா எல்லாரையும் தெரியும். பழைய மாணவன் ஒருத்தன் குறிப்புப் பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கானாம். அவரு வந்து சொன்னாரு, பசங்களுக்கு என் குறிப்புன்னா உசிருன்னு. என் குறிப்புன்னுதான் சொன்னாரு. நான் குழம்பைக் கிளறிட்டு இருந்தேன், அப்படியே கிளறிட்டே இருந்தேன்.

நீலக் குடை நாப்பத்தி ஒண்ணையும் ஒரு வரி விடாம நான்தான் படிச்சேன். ரெண்டாவது தடவை கட்டு வந்துச்சு, திறந்தேன். குடை இல்ல. ஆனா அதே கேள்வி, அதே மூணு கருத்து, அதே நம்பிக்கை. அலுத்துப் போச்சு சார். அவங்க எழுதலைன்னா நான் எதுக்குப் படிக்கணும், ஏஐ எழுதினதை ஏஐயே படிச்சுக்கட்டும்னு நாப்பத்தி மூணையும் அள்ளி உள்ள போட்டேன். பத்து நிமிஷத்துல முடிஞ்சுது. அன்னைக்கு மத்தியானம் பதினெட்டு வருஷத்துல முதல் தடவையா தூங்கினேன். என்ன தூக்கம் தெரியுமா.

அவரு வந்து ஒரு அஞ்சாறு குறிப்பை மேலோட்டமாப் பார்த்தாரு. பார்த்துட்டுச் சொல்றாரு, இந்தத் தடவைதான் உனக்குக் கை வந்திருக்குன்னு. பதினெட்டு வருஷமா ஒரு நாளும் நல்லா இருக்குன்னு ஒரு சொல் வந்ததில்ல சார் அந்த வாயில இருந்து. வந்த முதல் சொல்லு மெஷினுக்கு. எனக்கு வயிறு எரிஞ்சுது. உண்மையைச் சொல்லலாம்னு வாயைத் திறந்தேன், அப்புறம் மூடிக்கிட்டேன். அப்படியே போகட்டும்னு விட்டிருப்பேன் சார். உங்ககிட்டயும் அந்த அசதிக் கதையையே சொல்லி அனுப்பியிருப்பேன்.

ஆனா செவ்வாக்கிழமை கடைசி பெஞ்சு வந்தான். இதோ, இந்த வாசல்லதான் நின்னான். சார் இல்லையேன்னேன். சாரைப் பார்க்க வரலைங்க, முதல் தடவை என் தாளைத் திருத்தினவங்களைப் பார்க்கணும்னான். நாப்பத்திரண்டு பேர், பிரின்சிபாலு, உங்க குழு மூணு பேர், யாருக்கும் தெரியாதது அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. ரெண்டு தடவையும் குறிப்பு எழுதினது ஒரே ஆள் இல்லைன்னு. கையில அவன் ரெண்டாவது கட்டுரை. அடியில மெஷின் குறிப்பு, சிறப்பான முயற்சி, இன்னும் மெருகேற்றலாம்.

ஏன் மூணு நாள் நின்னேன்னு எழுதியிருந்தான் சார். அவங்க அப்பா வீட்டை விட்டுப் போயிட்டாராம், வீட்டுச் சாவியையும் எடுத்துட்டு. பூட்டை மாத்தினா அவரு திரும்பி வந்தா உள்ள வர முடியாது. மாத்தலைன்னா அவங்க அம்மாவுக்குப் பயம். சாவிக்காரரைக் கூட்டிட்டு வந்து மாத்துன்னு அனுப்பியிருக்காங்க. இவன் மூணு நாளும் கடை வரைக்கும் போயிட்டு, எதிர்லயே நின்னுட்டுத் திரும்பியிருக்கான். நான் கேட்ட கேள்விக்குப் பதில் சார் அது. கேட்டது நான். கேட்டுட்டு நான் தூங்கிட்டேன்.

அவனை உக்கார வச்சு அவன் எதிர்லயே படிச்சேன். ரெண்டு பக்கம் எழுதி, மார்க்கும் போட்டுக் குடுத்தேன், கையால. பிழை ஏழாக் குறைஞ்சிருக்கு.

தண்ணி சத்தம் எப்பவோ நின்னுடுச்சு, கவனிச்சீங்களா? கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டுட்டுதான் இருக்காரு. கேக்கட்டும். உங்ககிட்ட சொன்ன மாதிரியும் ஆச்சு, அவருகிட்ட சொன்ன மாதிரியும் ஆச்சு.

அந்தத் தாளை இப்படிக் குடுங்க. மூணு நானேயையும் அடிச்சுடுறேன். சிவப்புதான் இருக்கு, பரவாயில்லையா? முதல் நாற்பத்து மூன்று கட்டுரைகளையும் இவர் மனைவி படித்தார். அடுத்த நாற்பத்து மூன்றில் ஒன்றைத் தவிர வேறு எதையும் யாரும் படிக்கவில்லை. கீழ என் பேரு, தேதி. அவ்வளவுதான். உங்க குழு என்ன வேணா பண்ணிக்கட்டும், அந்த ஒரு தாளுக்கு மட்டும் என் மார்க்கை மாத்தாதீங்க.

என்ன சார்? கையெழுத்து நல்லா இருக்கா? பார்த்துட்டுதானே சொல்றீங்க, சந்தோஷம்.

அவரு கையெழுத்தும் வேணுமா? அதுவும் எனக்கு வரும், மார்க் ஷீட்ல எல்லாம் நான்தான் போடுறேன். ஆனா இதுல அவரே போடட்டும்.

ஏங்க, வெளிய வாங்க, ஈரத்தோட நிக்காதீங்க. உங்களுக்கு ஒரு தாள் வந்திருக்கு. இல்ல, நான் சொல்ல மாட்டேன். நீங்களே படிங்க.